முன்னால் பேசியவருக்கு ஒரு வார்த்தை

1

அன்று வீடியோ கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மலர்விழி, இந்தக் குழுவை நடத்துபவள். தினமும் திண்டிவனத்தில் ரயிலேறித் தாம்பரத்துக்கு வேலைக்குப் போய்வரும் ஏழுமலை. பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஆறாவது மாடிச் சமையலறையில், அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்த நான். விழுப்புரம் விக்டோரியா டீச்சர். கடைசியாக உள்ளே வந்தவர் அந்தோணி, திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் எடை போடுபவர்.

அந்தோணி என் கூடப் பிறந்த அண்ணன். மற்ற மூன்று பேருக்கும் அது தெரியாது. அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திப் பத்து மாதம் ஆகியிருந்தது.

குழுவின் பெயர் ‘படிச்சாச்சா’. ஞாயிற்றுக்கிழமை ஊரில் விளக்கு வைத்த பிறகு கூடுவார்கள். இங்கே அது மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம். அந்த வாரம் படித்த புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். பெரிய ஆராய்ச்சி எல்லாம் கிடையாது. பிடித்ததா, பிடிக்கவில்லையா, எங்கே தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

விக்டோரியா டீச்சர் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் மார்க் போடுவார். “கதைக்கு ஆறு. நடைக்கு ஏழு. அட்டப்படத்துக்கு நான் முட்டதான் போடுவேன்.” ஏழுமலைக்கு ஸ்டேஷன் கணக்கு. “ஒலக்கூர்ல ஆரம்பிச்சேன் டீச்சர். மதுராந்தகம் வந்துடுச்சி, ஹீரோ இன்னும் வூட்ட வுட்டு வெளிய வரல. செங்கல்பட்டுல மூடி வெச்சிட்டு மல்லாட்டை வாங்கித் துன்னேன்.” மலர்விழி வாடிக்கையாளர் வராத நேரத்தில் படிப்பவள். அத்தியாயம் சின்னதாக இருந்தால் நல்ல புத்தகம், பெரிதாக இருந்தால் கெட்ட புத்தகம்.

என்னை அவர்கள் கிண்டல் செய்வது வேறு காரணத்துக்கு. எனக்குப் படிக்கும்போது கவலை வந்துவிடும். நான்காம் அத்தியாயத்தில் ஒருத்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். வாசலில் அவள் காதலன் நிற்பான். அப்புறம் நூறு பக்கம் அழுகை, கல்யாணம், கோர்ட்டு. அந்தப் பால் என்ன ஆனது என்று எழுதியவர் சொல்லவே மாட்டார். எனக்கு அந்த நூறு பக்கமும் தீய்ந்த வாசனை வந்துகொண்டே இருக்கும். முதல்முறை குழுவில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே ஏழுமலை, “மேரிக்கா, இந்த புக்ல அடுப்ப அணைச்சிட்டாங்களா?” என்பான்.

மலர்விழி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். ஆரம்பத்தில் ஆளாளுக்குத் தன் முறைக்காகக் காத்திருந்தார்களே தவிர மற்றவர் பேசுவதை யாரும் கேட்கவில்லையாம். டீச்சர் பேசும்போது ஏழுமலை இட்லி தின்பதாக ஒருமுறை சண்டை வந்திருக்கிறது. அன்றைக்குப் போட்ட சட்டம் இது: யாரும் எடுத்த எடுப்பில் தன் புத்தகத்துக்குப் போகக் கூடாது. தனக்கு முன்னால் பேசியவருக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் எது தன் மனதில் நின்றது என்று. சொல்லாவிட்டால் பேச விடமாட்டாள். உள்ளே வந்த வரிசைதான் பேசும் வரிசை.

இந்தச் சட்டத்துக்காகத்தான் நான் குழுவில் சேர்ந்தேன். பிலோ அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, ரகசியமாக என்னோடு பேசுவார். அவர்தான் சொன்னார். “ஞாயித்துக்கெழம ஆனா ஒங்க அண்ணன் போன வெச்சிக்கினு மொட்ட மாடிக்குப் போயிடறாரு மேரி. புஸ்தகத்தப் பத்திப் பேசறாராம். எங்கிட்ட ஒரு வார்த்த பேசறதுக்கு ஆயிரம் யோசன பண்றவரு, அங்க ஒருத்தர் வுடாம பேசித்தான் ஆவணுமாம்.”

எப்போதாவது ஒருநாள் அண்ணனுக்கு முன்னால் நான் பேசியிருப்பேன். அண்ணன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

2

அண்ணன் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரரின் அப்பா புதுச்சேரியில் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதனால் என் வீட்டுக்காரர் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். பரீட்சைத் தாளைப் பார்த்தால் இப்போதும் கை வேர்க்கும். இரண்டு முறை எழுதிப் போய்விட்டது. ஆகவே அட்டைதான். தங்கிக்கொள்ள அனுமதிக்கும் அட்டை.

அம்மா விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இறந்த வாரம் என் கையில் அட்டை இல்லை. பழையது முடிந்திருந்தது, புதியது வரவில்லை. எல்லாம் இணையத்தில்தான். மகள் கிளாராதான் எனக்காக நிரப்பிக் கொடுத்தாள். ‘உங்கள் விண்ணப்பம் பார்வையில் உள்ளது’ என்று ஒரு வாக்கியம் வரும். தினமும் திறந்து பார்ப்பேன், அதே வாக்கியம். அட்டை வரும்வரை ஒரு சீட்டு தருவார்கள், அது இருந்தாலும் ஊருக்குப் போய்வரலாம். அதுவும் வரவில்லை. சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம் என்று உதவி மையத்தில் சொன்னார்கள். ‘லாம்’ என்றுதான் சொன்னார்கள். நிச்சயம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்கு நேரே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். “என் அம்மா இறந்துவிட்டார்” என்று பிரெஞ்சில் சொன்னேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம். அவள் என் வாக்கியத்தைத் திருத்தினாள். பெண் இறந்தால் அந்தச் சொல்லின் முடிவில் ஓர் ஓசை கூட வருமாம். நானும் திருத்திச் சொன்னேன். நன்று என்று தலையாட்டினாள். அப்புறம், இணையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். இணையத்தில் நேரம் இல்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

“இன்னாடி சொல்ற? ஒரு அட்ட பெருசாப் பூடுச்சா?”

“இல்லண்ணா, வந்துட்டேன்னா திரும்ப உள்ள வுட மாட்டாங்களாம். பசங்க இங்க தனியா…”

“சரி. நீ அட்டையப் பாத்துக்கோ.”

அதுதான் கடைசி.

அடக்கத்தை அண்ணி போனில் காட்டினார். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுவது, மேசை துடைப்பது. உடை மாற்றும் அறையில் நின்று பார்த்தேன். சாமியார் ஜெபம் சொல்லும்போது படம் நின்று நின்று வந்தது. மண் போடும் நேரத்துக்கு நின்றேவிட்டது. நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கழுவும் இயந்திரத்திலிருந்து தட்டு வரும்போது கொதிக்கும். கையுறை போடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று பக்கத்தில் நிற்பவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். விரல் சிவந்திருந்தது. சூடு தெரியவில்லை. அழுகையும் அன்றைக்கு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

செலவுக்கு அண்ணியின் கணக்கில் பணம் போட்டேன். மூன்றாம் நாள் அப்படியே திரும்பி வந்தது. “திருப்பி அனுப்பலன்னா சோறு துன்ன மாட்டேன்னு உக்காந்துக்கினாரு. நான் இன்னா பண்றது சொல்லு” என்றார் அண்ணி. அண்ணன் சொன்னதையும் சொன்னார்: “அவ யாரு குடுக்கறதுக்கு?”

அட்டை அப்புறம் வந்தது. தபாலில் அல்ல, போய் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு செய்தி. அந்தப் போட்டோவில் என் முகம் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது.

3

புத்தகம் அவரவர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று டீச்சர் ஒருமுறை குழுவில் எல்லோரையும் கேட்டார். ஒருவர் நூலகம் என்றார், ஒருவர் அப்பா வாங்கிய வார இதழ் என்றார். அண்ணன், “மல்லாட்டையில வந்துச்சி” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். யாருக்கும் புரியவில்லை. ஏழுமலை, “மல்லாட்டைக்குள்ள புஸ்தகமா? எங்க ஊட்டு மல்லாட்டைல பூச்சிதான் இருக்கும்” என்று சிரித்தான். எனக்குப் புரிந்தது.

அம்மா திண்டிவனத்தில் நின்று போகும் பஸ்களில் வேகவைத்த மல்லாட்டை விற்றவர். பொட்டலம் மடிக்கப் பழைய வார இதழ்களை எடைக்கு வாங்கிப் போடுவார். கிழித்துக் கொடுப்பது என் வேலை, மடிப்பது அண்ணன் வேலை. கிழிக்கும்போது நான் ஒரு பக்கம் படிப்பேன், மடிக்கும்போது அண்ணன் அதையே படிப்பார். தொடர்கதையில் முன்னும் இருக்காது பின்னும் இருக்காது. கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே பொட்டலமாகித் திருச்சி பஸ்ஸில் போய்விடுவான். குத்தினானா இல்லையா என்று அன்று முழுவதும் எங்களுக்குள் தகராறு. “குத்தியிருக்க மாட்டாண்ணா, பாவம்” என்பேன். “ஓங்கினவன் சும்மா போவானா, லூசு” என்பார்.

கிழிக்கிற வேலை பெருகி நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணன் பிளஸ் டூ வரை போனார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இருந்திருக்கலாம், இப்போது எதுவும் தட்டுப்படவில்லை.

4

குழுவில் சேர்ந்தபோது மலர்விழி என்னை அறிமுகம் செய்தாள். “மேரி அக்கா, பிரான்ஸ்லேந்து.” அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பைக்கின் படம் மட்டும் இருந்தது. கேமராவை அவர் போடுவதே இல்லை. எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள். பைக் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் விலகவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கணக்கு நடந்தது. நான் உள்ளே நுழைந்தவுடன் அண்ணன் நுழைந்தால் அவர் எனக்கு வார்த்தை சொல்ல வேண்டிவரும். ஆகவே எனக்குப் பிறகு இன்னொருவர் நுழையும்வரை அவர் வெளியே காத்திருப்பார். அல்லது எனக்கும் முன்னால் வந்துவிடுவார். முன்னால் வந்தால் நான் அவருக்கு வார்த்தை சொல்லலாம் அல்லவா? ஒருமுறை சொன்னேன். ஒரு கிணறு வெட்டுகிறவரின் வரலாற்றைப் பற்றி அவர் பேசியிருந்தார். “அந்தோணி அண்ணன் சொன்னதுல, கயிறு பழசானத யாரும் பாக்கலன்னு சொன்னாரே, அது எனக்கு நின்னுச்சி” என்றேன். அடுத்த வாரத்திலிருந்து முன்னால் வருவதையும் நிறுத்திவிட்டார். எங்களுக்கு நடுவில் எப்போதும் ஓர் ஆள். பெரும்பாலும் விக்டோரியா டீச்சர்.

எந்தப் புத்தகம் பேசுவது என்பது அடுத்த கவலை. எங்கள் பக்கம் சாடை பேசுவது என்று ஒன்று உண்டு. நேரே திட்டாமல், கோழியைத் திட்டுவதுபோல மருமகளைத் திட்டுவது. நான் எதைப் பேசினாலும் அண்ணன் சாடை என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அம்மா வரும் கதை கூடாது. சாவு வரும் கதை கூடாது. வெளிநாட்டுக்குப் போனவன் கதை கூடவே கூடாது. அண்ணன் தங்கை, சொத்து, கடிதம், ரயிலடி எல்லாம் கூடாது. கழித்துப் பார்த்தால் தமிழில் படிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு மாதம் நான் தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசினேன். அதிலும் ராணித் தேனீ செத்துப்போகும் இடத்தைத் தாண்டிக்கொண்டு போனேன்.

“அம்மா, நீ புத்தகத்தைப் படிக்கிறாயா, தணிக்கை செய்கிறாயா?” என்றாள் கிளாரா. இதை அவள் பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பதினைந்து வயதாகிறது. சின்ன வயதில் தமிழில்தான் அழுவாள். இப்போது அவள் அழுவது எந்த மொழியில் என்று எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து இலங்கைத் தமிழர் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு பெட்டியில் பழைய புத்தகங்கள் கிடக்கும். அங்கே ஒரு துப்பறியும் நாவல் கிடைத்தது. ஒரு லாட்ஜில் ஒருவன் கொலையாகிக் கிடக்கிறான். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கிறார். அம்மாவே கிடையாது. சாவு இருக்கிறது, ஆனால் துப்பறியும் கதையில் சாவுக்கு யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இது போதும் என்று வாங்கினேன். கேன்டீனுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

5

அந்த ஞாயிறு ஊரில் காற்றும் மழையும். அதனால்தான் ஐந்து பேர். மலர்விழி முதலில் பேசினாள், பிறகு ஏழுமலை. என் முறை வந்தது. எனக்கு அடுத்தது டீச்சர், அதற்கடுத்து அண்ணன். வழக்கம்போல நடுவில் ஆள் இருந்ததால் நான் தைரியமாகவே இருந்தேன்.

ஏழுமலைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். லாட்ஜ், ரூம் சாவி, சோப்பு டப்பாவில் கிடைத்த மோதிரம், மேனேஜரின் பொய். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“கொலகாரன் யாருன்னு சொல்லிடாதீங்கக்கா, நான் படிக்கணும்” என்றாள் மலர்விழி.

“சொல்லல. ஆனா எனக்கு ஒரு கவல.”

“வந்துட்டாங்கயா!” என்றான் ஏழுமலை. “லாட்ஜுல கேஸ் அடுப்பா, மண்ணெண்ண அடுப்பா?”

“அடுப்பு இல்ல தம்பி. செத்துப்போனவன். மொத பக்கத்துல சாவறான். அப்பறம் இருநூறு பக்கம் மோதிரம், சாவி, கார் நம்பரு. அவனுக்கு ஒரு ஊரு இருக்கும் இல்ல? வூட்டுக்கு யாரு சொன்னாங்க? பொணம் அங்கயே ஆஸ்பத்திரில கெடக்குதே, யாரு வந்து வாங்கினாங்க? யாருமே வரலியா?”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. பைக் படத்தைப் பார்த்தேன். அசைவில்லை. டீச்சர் இருக்கிறார், டீச்சர் மார்க் போடுவார், பேச்சு மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

“டீச்சர், நீங்க” என்றாள் மலர்விழி.

டீச்சரின் முகம் வாய் திறந்த நிலையில் நின்றது. பிறகு பெயர் மட்டும். பிறகு பெயரும் இல்லை. குழுவில் ஒரு வரி வந்தது: விழுப்புரத்தில் கரண்ட் போய்விட்டது, டவரும் சரியில்லை, நீங்கள் நடத்துங்கள்.

“அப்ப அந்தோணி அண்ணே, நீங்கதான்” என்றாள் மலர்விழி.

ஒன்றும் வரவில்லை.

“அண்ணாத்தே, மியூட்ல இருக்கீங்க” என்றான் ஏழுமலை.

அவர் மியூட்டில் இல்லை. மழை விழும் சத்தம் கேட்டது. தகரத்தில் விழும் சத்தம். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு மேலே ஒரு தகரம் போட்டிருக்கிறார் என்று அண்ணி சொல்லியிருந்தார், அதுவாக இருக்கும்.

“போயிடட்டுமா மலரு? வேல கீது” என்றார்.

“மேரிக்காவுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கண்ணே. ரூல்ஸு ரூல்ஸுதான். சொல்லலன்னா அடுத்த வாரம் நீங்கதான் மொதல்ல பேசணும்.”

எனக்கு அந்தப் பெண்ணின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. பேசட்டும் என்றும் இருந்தது.

“அந்தப் புஸ்தகம் நான் படிச்சிருக்கேன்” என்றார் அண்ணன். “யாரு வந்து வாங்கினாங்கன்னு கேக்கறாங்க. போட்டிருக்குது. கடைசிக்கு முன்னாடி அத்தியாயம். ‘உடல் தம்பியிடம் ஒப்படைக்கப்பட்டது.’ அம்புட்டுதான். ஒரு வரி. ஜல்தியாப் படிச்சா கண்ணுல படாது.”

“ஓ” என்றாள் மலர்விழி. “அப்ப மேரிக்கா கவல தீந்துச்சி.”

“தீராது” என்றார் அண்ணன். “அந்த ஒரு வரிக்குள்ள எம்மாம் வேல இருக்குதுன்னு எழுதினவருக்குத் தெரியல. தம்பிக்காரன் போறான். நாலு எடத்துல கையெழுத்து வாங்குவாங்க. ஆதார் கேப்பாங்க, அது வூட்ல இருக்கும். வூட்டுக்குப் போன் பண்ணா வூட்ல அழுவறாங்க, பீரோ சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்பறம் வண்டி பேசணும். வண்டிக்காரன் கேப்பான், கூட யாரு வர்றாங்கன்னு. நான் மட்டுந்தான்பான்னு சொல்லுவான். தூக்கறதுக்குன்னு கேப்பான். அதுக்கும் நான் மட்டுந்தான்.”

ஏழுமலை இப்போது சிரிக்கவில்லை.

“வண்டிக்காரன் நல்லவன். தல பக்கம் அவன் புடிப்பான். பாதி வழியில டீ குடிச்சிக்கலாமா சார்னு கேப்பான். வேணாம்னு எப்பிடிச் சொல்றது? அவனும் காலையிலேந்து ஒண்ணும் துன்னல. நிறுத்தணும். இப்ப இவன் எறங்கறதா, உள்ளயே உக்காந்துக்கினு இருக்கறதா? எறங்கினா தனியா வுட்டுட்டுப் போன மாதிரி. எறங்கலன்னா அந்தப் பையன் எப்பிடி டீ குடிப்பான்?”

“இன்னா பண்ணான்?” என்றான் ஏழுமலை.

“எறங்கினான். டீ குடிச்சான். மசால் வடையும் ரெண்டு துன்னான். பசிச்சுது.”

கிளாரா அந்த நேரம் பார்த்து சமையலறைக்குள் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். போனைப் பார்த்தாள். “யாரது?” என்று பிரெஞ்சில் கேட்டாள். “மாமா” என்றேன். தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “எந்த மாமா? அந்த மாமாவா? உன்னோடு பேசுகிறாரா?” என்றாள். “புஸ்தகத்தப் பத்திப் பேசறாரு” என்றேன். அவள் ஃப்ரிட்ஜை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அது திறந்திருந்தால் கத்தும் ஃப்ரிட்ஜ். கத்தியது.

“இதெல்லாம் புக்ல இருக்குதாண்ணே?” என்றான் ஏழுமலை.

“இல்ல. இதெல்லாம் எழுதினா நாவல் அங்கயே நின்னுபுடும். கொலகாரன எவன் புடிக்கறது?” என்றார். “வூட்டாண்ட போய்ச் சேந்தா வாசல்ல கூட்டம். எறக்கறதுக்கு பத்துப் பேரு ஓடியாருவாங்க. அப்ப ஆளு தேவையில்ல. அதுக்கு முன்னாடி அந்த வண்டியிலதான் ஒரு ஆளு தேவ. கையில புடிச்சிக்கினு வரணும், ரோடு மோசம், வளைவுல நகருது. ஒரு கை பத்தல.”

மழைச் சத்தம்.

“அவங்க கேட்டது நல்ல கேள்வி” என்றார் அண்ணன். “அவ்ளோதான் என் வார்த்த.”

மலர்விழி கெட்டிக்காரி. அவளுக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. கடைசியில் பேசியவருக்கு முதலில் பேசியவர் வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். “அந்த வடைய நான் வெச்சிக்கறேன்ணே” என்றாள். “ஒங்க புஸ்தகம்?”

“இந்த வாரம் ஒண்ணும் படிக்கல” என்றார். பைக் மறைந்துவிட்டது.

6

நான் பாத்திரம் கழுவினேன். கிளாரா ஈரத் துணியை எடுத்துத் துடைத்து வைத்தாள், நான் சொல்லாமலேயே. அவளுக்கு மாமா பேசியது முழுவதும் புரியவில்லை. யார் அந்தத் தம்பி, அவன் ஏன் வடை சாப்பிட்டான் என்று கேட்டாள். நான் சொன்னேன். தமிழில் அவளுக்குப் புரியாத இடங்களை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். “நீ அழவில்லையா?” என்றாள். இல்லை என்றேன். கழுத்துக்குக் கீழே எல்லாம் ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்ட மாதிரி இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பத்து மாதமாக நான் என்னவெல்லாமோ கவலைப்பட்டேன். அட்டை, சீட்டு, பசங்கள், அண்ணனின் கோபம். அந்த வண்டியைப் பற்றி ஒருநாள்கூட நினைக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை அம்மா எப்படி வந்தார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அண்ணியைக்கூட. அடுப்பில் வைத்த பாலைப் பற்றிக் கேட்டவள் நான்.

அன்று மாலை அண்ணனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்பு என்று தட்டி அழித்தேன். எப்படி இருக்கிறாய் அண்ணா என்று தட்டி அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

‘வண்டிக்கு எவ்ளோ ஆச்சிண்ணா?’

இரண்டு டிக் நீலமானது. பதில் இல்லை. திங்கட்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை கேன்டீனில் தட்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் போன் துடித்தது. உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பார்த்தேன்.

‘வண்டி 4,500. ஐஸ் பெட்டி, சவப்பெட்டி, குழி வெட்டனது, பந்தல், சாப்பாடு எல்லாம் சேத்து மொத்தம் 42,600. ரெண்டு பேரு. உன் பங்கு பாதி.’

நான் அதைப் பலமுறை படித்தேன். ரெண்டு பேரு என்று எழுதியிருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன். பக்கத்து அலமாரிக்காரி, ஊரிலிருந்து கெட்ட செய்தியா என்று கேட்டாள். இல்லை, பணம் கேட்கிறார்கள் என்றேன். அவள் உச்சுக்கொட்டினாள். அவள் ஊரிலும் எப்போதும் பணம்தான் கேட்பார்களாம். ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரர் தன் கணக்கிலிருந்து மொத்தமாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் இரவுபகல் பார்க்காமல் மூட்டை ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கும் மனிதர், மனசாரத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். இது என் கேன்டீன் சம்பளத்திலிருந்து போக வேண்டும். இந்த மாதம் வீட்டுச் செலவு போக என்னிடம் இருந்ததைக் கொண்டுபோய், பணம் அனுப்பும் கடையில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கட்டினேன். அண்ணியின் பெயரில் போடவில்லை. அண்ணன் பெயரில் போட்டேன். கடைக்காரர் உறவு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பி வந்துவிடுமோ என்று அந்த மூன்று நாளும் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். திரும்பி வரவில்லை. நான்காம் நாள் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது.

‘வந்துச்சி. இன்னும் 11,300.’